ஜூனில் மண், ஆடியில் விதை: கொங்குப் பள்ளியில் தோட்டம் போடப் போகிறவர்களுக்கு

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம்தான் நமக்கு வருடப் பிறப்பு. புது நோட்டு, புது வகுப்பு, புது உற்சாகம். அந்த உற்சாகத்தில் என் முதல் வருடம் ஜூன் மூன்றாம் வாரத்திலேயே நாற்பது தக்காளி நாற்றை நட்டுவிட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பத்தே நாளில் பெரும்பாலானதைச் சாய்த்துவிட்டது. மிச்சம் நின்றதை மயில் கொத்திவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங் டீச்சர், இந்தக் காத்துல தக்காளி நிக்குமாங்?" என்று கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

புதிதாகத் தோட்டம் தொடங்குகிற ஆசிரியர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். பள்ளி நாட்காட்டி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. நிலம் பட்டம், அதாவது விதைக்கிற பருவம், பார்த்து நடக்கிறது: ஆடி, புரட்டாசி, தை. கோவை, திருப்பூர், ஈரோடு சமவெளிக்குத் தென்மேற்குப் பருவம் என்றால் முக்கியமாகக் காற்று, கொஞ்சம் சாரல். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்கிறது. நமக்கு நல்ல மழை அக்டோபர், நவம்பரில்தான். பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வேறு கணக்கு, அவர்கள் உள்ளூர் விவசாயியைக் கேட்டுக்கொள்ளவும். இந்த இரண்டு நாட்காட்டியையும் எப்படிப் பொருத்துவது, ஒவ்வொரு பருவத்திலும் என்ன பாடத்தை அங்கே கொண்டுபோவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தொடக்கப் பள்ளியில் வேலை செய்கிறேன். மேல் வகுப்புக்காரர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் சில பேச்சு

தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். யார் தண்ணீர் விடுவது, விளைந்தது எங்கே போகும், விடுமுறையில் சாவி யாரிடம் என்ற மூன்று கேள்விக்கும் கூட்டத்திலேயே பதில் வேண்டும். விளைச்சல் சத்துணவு அடுப்புக்கு என்று முடிவானால் சமையல் அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறுபடி மறுபடி முருங்கைக்கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆய்ந்து கொடுக்கவும் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் நியாயமாகவே கோபம் வரும்.

இடம் ஒரு சென்ட் போதும். அதாவது 435 சதுர அடி. அதில் 10 அடி நீளம் 3 அடி அகலத்தில் எட்டுப் பாத்தி போட்டால் 240 சதுர அடி. மீதி நடைபாதை. பாத்தி 3 அடிக்கு மேல் அகலம் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்குக் கை எட்டாது, உள்ளே ஏறி மிதிப்பார்கள். அளந்து கயிறு கட்டுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். சுற்றளவு, பரப்பளவு பாடம் அங்கேயே முடிந்துவிடும். கயிறு கோணலாகப் போனால் போகட்டும்.

இன்னொன்று, இது என் பிடிவாதம். தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். "வீட்டுப்பாடம் எழுதலையா, போய்க் களை எடு" என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும், அந்த வருடத் தோட்டம் அன்றைக்கே முடிந்தது. அதேபோல் பையன்கள் மம்முட்டி பிடிப்பது, பெண் பிள்ளைகள் கூட்டிப் பெருக்குவது என்ற பழக்கமும் தானாக உள்ளே வந்துவிடும். குழுவுக்கு ஆறு பேர், வாரம் ஒரு வேலை, வேலை சுற்றி வரவேண்டும் என்று அட்டவணை போட்டு ஒட்டிவிட்டால் பேச்சே இல்லை.

ஆனி: மண்ணைப் பார்ப்பது

ஜூனில் விதைக்க வேண்டாம். மண்ணைப் பார்க்கலாம். நேரான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் இறங்கிவிடும். அதன்மேல் வண்டல் படிய சில மணி நேரம் ஆகும். களி அடுத்த நாளும் கலங்கலாக நிற்கும். மறுநாள் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு அடுக்கையும் அளக்கச் சொல்லுங்கள். செம்மண் காட்டிலிருந்து வருகிற பிள்ளை ஒரு பாட்டில், கரிசல் காட்டிலிருந்து வருகிற பிள்ளை ஒரு பாட்டில் என்று வீட்டு மண்ணையும் கொண்டுவரச் சொன்னால் வகுப்பில் சண்டையே நடக்கும், எந்த மண் உசத்தி என்று.

அப்புறம் எலுமிச்சைச் சாறு. கொஞ்சம் காய்ந்த மண்ணை மூடியில் போட்டு நாலு சொட்டு விட்டால் சில இடங்களில் நுரை பொங்கும். சுண்ணாம்பு மண் என்று அர்த்தம். நம் பக்கம் இது நிறைய உண்டு. இப்படிப்பட்ட மண்ணில் கடலைக்காய் போட்டால் இளம் இலை வெளுத்து மஞ்சளாகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் சுண்ணாம்பு அதைச் செடிக்குக் கிடைக்க விடாது. வெளுத்த இலை வரும் வரைக்கும் இதைச் சொல்லாமல் வைத்திருங்கள். வந்தபிறகு பிள்ளைகளே நுரையை ஞாபகப்படுத்திக் கேட்பார்கள்.

ஜூனில் நடக்கூடியது ஒன்று உண்டு, மஞ்சள். வைகாசி, ஆனியில் நட்டால் தைக்குத் தயார். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லி, தெரிந்த தோட்டத்தில் பத்து விதைக் கிழங்கு வாங்கி வாருங்கள். ஒவ்வொன்றையும் தராசில் எடை போட்டு, எண்ணெழுதி, ஒரு வரிசை நடுங்கள். பொங்கலுக்குப் பிடுங்கும்போது மறுபடி எடை போடுவதற்குத்தான் அந்த நோட்டு.

காற்றுத் தடுப்பையும் இப்போதே யோசிக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்துக்கு மிகையே இல்லை. காற்று மேற்கிலிருந்து வருகிறது, எனவே மேற்கு ஓரத்தில் அகத்தியோ ஆமணக்கோ நெருக்கமாகப் போடுங்கள். ஒரு குச்சியில் கந்தல் துணியைக் கட்டி நிறுத்தி, எந்தத் திசைக்குப் பறக்கிறது என்று தினமும் காலையில் ஒருவர் குறிக்கட்டும். வேலிக்குக் கம்பி வாங்கப் பணம் இல்லையென்றால் காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வேலியாக நிற்கிற கிளுவையைக் காட்டுங்கள். அதன் போத்தை வெட்டி நட்டால் ஈரம் கண்டதும் தளிர்க்கும். முதல் வருடம் மட்டும் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கிளுவைத் தழை ரொம்பப் பிடிக்கும்.

ஆடி, ஆவணி: விதையும் நிழலும்

விதைப்பதற்கு ஒரு வாரம் முன் முளைப்புச் சோதனை. பழைய வேட்டித் துணியை நனைத்து, பத்து விதையை வைத்துச் சுருட்டி, தட்டில் மூடி வையுங்கள். எட்டு முளைத்தால் 80 சதவீதம். கடையில் வாங்கிய பாக்கெட், போன வருட விதை, பாட்டி வீட்டுப் பானை விதை என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சதவீதக் கணக்கை இதைவிடச் சுலபமாக நான் நடத்தியதே இல்லை.

ஆடிப் பதினெட்டை ஒட்டி நேரடியாக விதைக்கிறவற்றைப் போடுங்கள்: வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, பந்தலுக்கு அவரை, சுரை, பீர்க்கன், ஓரத்தில் அரசாணி என்கிற பரங்கி. வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. கீரை எப்போதும் ஒரு பாத்தியில் இருக்கட்டும். பிள்ளைகளின் பொறுமைக்கு முளைக்கீரைதான் மருந்து, மூன்று நாலு வாரத்தில் கைக்கு வந்துவிடும். தக்காளி, கத்திரி, மிளகாய் நாற்றை ஆவணியில் நிழலில் விட்டு, காற்று அடங்கியபின் புரட்டாசியில் எடுத்து நடலாம். தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்திரிக்கு 30 முதல் 35 நாள்.

திருப்பூர்ப் பக்கப் பள்ளி என்றால் பனியன் கம்பெனியில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். எங்கள் பள்ளியில் தமிழ் இன்னும் பிடிபடாத ஒரு பையன், இரண்டு மாதம் கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான். வெண்டை விதையைக் கையில் வாங்கியதும் உருட்டிப் பார்த்து "பிண்டி!" என்றான். அன்று மதியத்துக்குள் மொத்த வகுப்பும் அவனைச் சுற்றி நின்று ஒவ்வொரு விதைக்கும் பேர் கேட்டுக்கொண்டிருந்தது. பாத்திப் பெயர்ப்பலகையில் இரண்டு பெயரும் எழுதினோம்.

இந்த மாதங்களில் ஒரு நல்ல அறிவியல் வேலை கொடிக்கம்பத்து நிழல். நம் பகுதி ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஜூன், ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நண்பகல் நிழல் தெற்கே விழும். பிள்ளைகள் மட்டுமல்ல, பல ஆசிரியர்களே இதைக் கவனித்ததில்லை. ஆகஸ்டு 24ஐ ஒட்டி நண்பகலில் நிழலே இருக்காது. அதன்பின் நிழல் வடக்கே திரும்பிவிடும். நம் ஊரில் உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, 12.25 வாக்கில். வாரம் ஒரு நாள் அந்த நேரத்தில் நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். இந்தக் கோடுகள் மார்கழியில் உதவும்.

மயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முளைத்த இரண்டு இலையைக் கிள்ளுவதில் அதற்கு இணை இல்லை. தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு. ஒரு கல் எறியக்கூட நினைக்க வேண்டாம். பழைய சேலையைப் பாத்திமேல் வளைத்துக் கட்டுங்கள், செடி ஒரு முழம் வந்ததும் எடுத்துவிடலாம். "மயில் நம்ம காட்டுக்கு வந்துச்சா, நாம அதோட காட்டுக்குப் போனமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்த வாரம் தமிழ்க் கட்டுரைக்குத் தலைப்பு அதுதான்.

புரட்டாசி, ஐப்பசி: மழையை அளப்பது

தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாக அதிலேயே கவிழ்த்தால் மழைமானி. அடி வளைந்திருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரைக்கும் தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யக் கோடு போடுங்கள். காலை பிரார்த்தனை முடிந்ததும் ஒருவர் மில்லிமீட்டர் அளந்து கரும்பலகையில் எழுதட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 12 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர். 15 லிட்டர் குடத்துக்கு 80 குடம். கொளுத்துகிற மாசியில் வீட்டில் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடக்கிற பிள்ளைகளுக்கு அந்த 80 குடம் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

மழை விட்டதும் களை. பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்க விடாதீர்கள், தோல் அரிக்கும், சிலருக்கு மூச்சும் திணறும். பூக்கும் முன் பெரியவர்கள் கையுறையோடு பிடுங்க வேண்டும். கல் குவியல், ஓலைக் குவியல் பக்கம் பிள்ளைகள் கைவிடக் கூடாது. பாம்பு இருக்கும் என்று பயமுறுத்த வேண்டாம், முதலில் குச்சியால் தட்டிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் கற்றுக்கொடுங்கள்.

உரத்துக்கு அமிர்தக் கரைசல் போதும். ஒரு கிலோ சாணி, ஒரு லிட்டர் கோமியம், ஒரு கைப்பிடி வெல்லம், 10 லிட்டர் தண்ணீர், ஒரு நாள் ஊறல். பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றலாம். கீரை இலைமேல் படக் கூடாது. எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை அங்கேயே நில்லுங்கள். பஞ்சகவ்யம் செய்ய நாளும் பொருளும் அதிகம், தெரிந்தவரிடம் வாங்கி 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கலாம். அதை இன்றைய முறையில் வடிவமைத்தவர் நம் கொடுமுடி மருத்துவர் நடராஜன்தான்.

கார்த்திகை, மார்கழி: அவரையும் அசுவினியும்

ஆடியில் போட்ட பந்தல் அவரை புரட்டாசிக்கெல்லாம் பந்தலை மூடிவிடும். பூ மட்டும் வராது. ஐப்பசியில் பிள்ளைகள் கொடியை அறுத்துவிடலாமா என்று கேட்பார்கள். எங்கள் வகுப்பில் வாக்கெடுப்பு வரைக்கும் போய்விட்டது. விட்டுவைக்கலாம் என்ற கட்சி மூன்று ஓட்டில் ஜெயித்தது. கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஊதா நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூ.

காரணம் பகல் நேரம். நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். நம் ஊரில் ஜூன் 21 வாக்கில் பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம், டிசம்பர் 21 வாக்கில் பதினொன்றரை. அந்த ஒன்றேகால் மணி நேரத்தைக் கொடி உணர்கிறது. தினசரிக் காலண்டரில் சூரிய உதயம், அஸ்தமனம் பார்த்து வாரம் ஒரு முறை கழித்து எழுதச் சொல்லுங்கள். நிழல் கோடுகளையும் எடுத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக நகர்ந்திருக்கும். முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டால் இதில் ஒன்றும் இல்லை. பூக்காத கோபம் இருந்தால்தான் இந்தப் பாடம் பிடிக்கும்.

பூவோடு அசுவினிப் பூச்சியும் வரும். கொழுந்தில் கருப்பாக அப்பிக்கொண்டு, எறும்பு ஏறி இறங்கும். உடனே மருந்து தேடாதீர்கள். ஒரு கொத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நூல் கட்டி அடையாளம் வைத்து, பூதக்கண்ணாடியோடு ஐந்து நாள் பார்க்கச் சொல்லுங்கள். எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியைத் தட்டும், பின்னாலிருந்து ஒரு துளி தேன்போல வரும், எறும்பு குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். "பால் கறக்குது டீச்சர்" என்று கட்டுத்தரையில் வளர்கிற பிள்ளைதான் முதலில் சொல்லும். மூன்றாம் நாள் வாக்கில் பொறிவண்டின் புழு வரலாம். சின்ன முதலை மாதிரி இருக்கும், பார்த்ததும் நசுக்கத்தான் கை போகும். அது அசுவினியைத் தின்கிற புழு என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் யாரையும் நசுக்க விடமாட்டார்கள். மற்ற கொத்துகளில் பனி காயும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைத்துத் தெளிக்கலாம்.

இதையே பெரிய அளவில் சொல்ல நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எல்லாவற்றிலும் வெள்ளையாக அப்பியது, மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக் குளவிதான் பூச்சியை அடக்கியது. வகுப்பில் பப்பாளி வளர்க்கிற வீட்டுப் பிள்ளை இருந்தால் அவர்கள் அப்பாரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். அந்த இரண்டு வருடம் அவருக்கு மறந்திருக்காது.

தை: அறுவடையும் காட்டு மூலையும்

தோட்டத்தில் ஒரு மூலையைக் கொத்தாமல் விட்டுவைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். ஜூனிலேயே கயிறு கட்டி விட்டுவிட வேண்டும். ஆவாரை, பூளை, தும்பை தானாக வந்தால் வரட்டும். வராவிட்டால் கரட்டிலிருந்து விதை கொண்டுவந்து தூவலாம். போகியன்று வீட்டு எரவாணத்தில் கட்டுகிற காப்புக்கு ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றும் வேண்டும். சந்தையில் கட்டாக விற்பதை வாங்கிப் பழகிவிட்டோம். செடியாக அடையாளம் காட்டத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நான்கு பேர்தான் இருந்தார்கள். அந்த நாலு பேரும் அன்று ஆசிரியர்கள். ஒவ்வொரு பூவையும் பிரித்து வரைந்து, எத்தனை இதழ், பூளைப் பஞ்சு எப்படிப் பறக்கிறது என்று எழுதிவிட்டு, விடுமுறைக்கு முன் ஆளுக்கு ஒரு காப்பு கட்டிக்கொண்டு போனார்கள்.

மஞ்சளையும் இப்போது எடுங்கள். பத்துக் கொத்தும் இலையோடு. ஜூன் நோட்டைத் திறந்து எடை பார்த்து, நட்டதுபோல் எத்தனை மடங்கு என்று வகுக்கட்டும். இரண்டு கொத்து பள்ளிப் பொங்கப்பானைக்கு. மீதியைத் தகராறு இல்லாமல் பங்கு போடுவது அவர்கள் பாடு.

மாசி முதல் சித்திரை வரை: விதை எடுத்து நிலத்தை விடுவது

தைப்பட்டத்தில் கீரை, சின்ன வெங்காயம், முள்ளங்கி மட்டும் போதும். பங்குனியில் தேர்வும் வரும், வெயிலும் வரும். சத்துணவுத் தட்டு அலசுகிற, சோப்புக் கலக்காத தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் திருப்பிவிடுங்கள். மே மாதம் முழுக்கத் தோட்டத்தைப் பச்சையாகவே வைக்க முயலாதீர்கள். யாரோ ஒருவர் தினமும் வந்து தண்ணீர் விடுவார் என்ற நம்பிக்கையில் நான் ஒரு வருடம் பண்ணிய வேலை, ஜூனில் குச்சிகளைப் பிடுங்குவதில் முடிந்தது. சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் பாத்திகளைக் கொத்திக் காயவிட்டுப் போய்விடலாம்.

அதற்கு முன் விதை. ஒவ்வொரு பாத்தியிலும் நன்றாக வந்த செடி ஒன்றில் சிவப்புத் துணி கட்டி, அதில் யாரும் பறிக்கக் கூடாது என்று மார்கழியிலேயே சொல்லிவிட வேண்டும். செடியிலேயே முற்றிக் காய்ந்தபின் எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்து பாட்டிலில் அடையுங்கள். சீட்டில் விதையின் பேர், எடுத்த தேதி, எந்தப் பாத்தி, காத்த பிள்ளையின் பேர்.

பாட்டில்களோடு தோட்ட நோட்டையும் தலைமையாசிரியர் பீரோவிலேயே வையுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கோடையில் மாறுதல் கலந்தாய்வு வரும், ஜூனில் அந்தக் கதவைத் திறக்கிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்: மேற்கில் காற்று, தக்காளி புரட்டாசியில், அவரையை அறுக்காதீர்கள்.